முதல் ஸ்வெட்டருக்கு எந்த நூல்?

கம்பளி நூலால் பின்னலாமா, கூடாதா என்னும் வினா அண்மைக் காலமாக நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இவ்வினா எழ வாய்ப்பே இருந்ததில்லை. மார்கழிப் பனிக்கு ஒரு பருத்திப் போர்வை அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. இன்றோ நம் பிள்ளைகள் கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் தில்லிக்கும் சண்டிகருக்கும், கடல் கடந்து கனடாவுக்கும் செல்கின்றனர். மகளை வழியனுப்பும் தாய் ஒருத்தி, கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுப்பதினும் தன் கையாலேயே ஒன்று பின்னிக் கொடுக்க விழைகின்றாள். அதுவரை பின்னல் ஊசியைத் தொட்டறியாதவள். நூற்கடையில் போய் நின்றதும் அவள் முன் வந்து நிற்பது நிறத்தைப் பற்றிய கேள்வியன்று. எந்த நூல் என்னும் கேள்வியே.

ஆட்டின் மேனியிலிருந்து எடுத்ததைப் பேத்தி உடுத்துவதா என்பார் வீட்டிலுள்ள மூதாட்டியார். நம் தலைமயிரை வெட்டினால் நமக்கு வலிக்கிறதா என்று எதிர்வினா விடுப்பான் பேரன். இவ்விரண்டு விடைகளையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

முதலில் நம் மரபு சொல்வதை நோக்குவோம். திகம்பர முனிவர்கள் ஆடை துறந்தவர்கள். குளிரைத் தாங்குதல் அவர்களுக்கு இருபத்திரண்டு பரிஷகங்களுள் ஒன்று. அவர்களே கையில் மயிற்பீலி தாங்குகின்றனர். சுவேதாம்பரத் துறவியர் உயிர்களைத் துன்புறுத்தாது விலக்குதற்குக் கொள்ளும் ரஜோகரணமோ கம்பளி இழைகளால் ஆயது. ஆகவே, ஓர் உயிரின் உடலிலிருந்து வந்தது என்னும் ஒரே காரணத்தால் எப்பொருளையும் நம் சமயம் தள்ளிவிடவில்லை என்பது தெளிவு. அப்பொருள் எவ்வாறு வந்தது என்றே அது கேட்கின்றது. மயில் தன் தோகையை ஆண்டுதோறும் தானே உதிர்க்கும். உதிர்ந்ததைப் பொறுக்கியெடுத்தால் மயிலுக்கு ஊறில்லை. ஆடு அவ்வாறு உதிர்ப்பதில்லை. அதைப் பிடித்து, கிடத்தி, கத்தரிக்க வேண்டும். பீலிக்குச் சொல்லும் விடையைக் கம்பளிக்கும் அப்படியே சொல்லிவிட இயலாமை இதனாலேயே.

இங்கே நமக்குக் கைகொடுப்பது உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தார்க்கு வகுத்துள்ள வரையறை. அகிம்சை அணுவிரதத்துக்கு அந்நூல் ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. உயிர்களைக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரமேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. மாடு பூட்டி உழுதவர்களும் வண்டி ஓட்டியவர்களுமான நம் பாட்டனார்கள் இவ்வைந்தையும் நன்கு அறிந்திருந்தனர். நுகத்தடியில் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பது அவர்களுக்கு ஒரு சமயக் கேள்வி. இவ்வைந்தையும் நூற்கடைக்குக் கொண்டு செல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. கொண்டு செல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

கத்தரித்தல் இவ்வைந்தனுள் எதிலும் அடங்காது. கைதேர்ந்தவன் செய்தால் ஆட்டின் தோலில் ஒரு கீறலும் விழாது. மேலும், மெரினோ போன்ற ஆடுகளுக்குக் கத்தரித்தல் இன்றியமையாதது. காட்டாடுகள் பருவந்தோறும் மயிரை உதிர்ப்பன. மனிதனோ பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து, உதிராத, நில்லாது வளர்ந்துகொண்டேயிருக்கும் கம்பளியை அவ்வுயிரின் மேல் உண்டாக்கிவிட்டான். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகருக்கு அருகே, மந்தையினின்றும் பிரிந்து பல ஆண்டுகள் தனியே திரிந்த ஓர் ஆடு 2015ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. நடக்கவும் இயலாது தடுமாறிய அதன் உடலிலிருந்து இறக்கப்பட்ட கம்பளியின் எடை 40 கிலோவுக்கும் மேல். அந்த ஆட்டுக்குக் கத்தரிக்கோல் கருணையாகவே வந்தது. ஆயினும் அப்பாரத்தை அதன் முதுகில் ஏற்றியது யார்? அதிபாரம் என்னும் அதிசாரம் வண்டி மாட்டுக்கு மட்டும் உரியதன்று. இறக்கி வைக்க இயலாத பாரத்தை ஓர் உயிரின் உடலோடு உடலாகவே வளரச் செய்வதும் அதிபாரமே. கத்தரிப்பவன் அந்தப் பழங்கடனைத் தீர்க்கின்றான். அதே ஆட்டை மேலும் மேலும் பெருக்குபவன் கடனை வளர்க்கின்றான்.

உறுப்பறுத்தல் இன்னும் வெளிப்படையானது. மெரினோ ஆட்டின் தோல் மடிப்பு மடிப்பாயிருக்கும். வாலின் கீழ்ப்புறத்து மடிப்புகளில் ஈரமும் அழுக்கும் தங்க, ஈக்கள் முட்டையிட, புழுக்கள் உயிருடனிருக்கும் ஆட்டின் தசையைத் தின்னும். இது கொடிய நோய். இதைத் தடுப்பதற்காகக் குட்டிப் பருவத்திலேயே அவ்விடத்துத் தோலைக் கத்தரித்து அகற்றிவிடும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் ஏற்பட்டது. மியூல்சிங் என்பது அதன் பெயர். நியூசிலாந்து 2018ஆம் ஆண்டில் இதைச் சட்டத்தால் தடை செய்தது. ஆஸ்திரேலியப் பண்ணையாளர் சிலர் வலிநீக்கும் மருந்து இடுகின்றனர். வேறு சிலர் மடிப்பில்லாத தோலுடைய ஆடுகளைத் தேர்ந்து வளர்த்து இவ்வழக்கத்தையே விட்டொழித்துள்ளனர். ஆனால் நம் நாட்டில் விற்கும் மென்கம்பளி நூலின் பெரும்பகுதி ஆஸ்திரேலியக் கம்பளியால் ஆவது. நூலுருண்டையின் மேல் சுற்றியுள்ள தாள், அது எவ்வகைப் பண்ணையிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை.

நான் அறுக்கவில்லையே, விலைகொடுத்து வாங்கினேன், அவ்வளவுதானே என்று கூறுவார்க்கு நம்மவர் விடை பழமையானது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுவன. புலால் உண்பவன் கொல்லவில்லை என்னும் வாதத்தை நீலகேசி பௌத்தரோடு வாதிட்டு மறுத்தது. உண்பவர் இலரேல் விற்பவரும் இலர் என்னும் பொருளைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் கூறுகின்றது. புலாலுக்கு ஏற்ற அந்த வாதம் நூலுக்கு மட்டும் ஏலாது என்று எவ்வாறு சொல்வது?

ஆனால் இதை வைத்துக்கொண்டு கம்பளியை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் நேர்மையாகாது. ஆரணியைச் சுற்றி வாழ்பவர்கள் நாம். ஆரணிப் பட்டு இல்லாமல் நம் வீட்டுத் திருமணம் எது நடந்தது? ஒரு கிலோ கச்சாப் பட்டுக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும். இழை அறுபடாதிருக்கும் பொருட்டுக் கூட்டினுள் உறங்கும் புழு, வெளிவருமுன்பே வெப்பத்தால் மடிவிக்கப்படுகின்றது. இது அதிசாரமன்று, கொலையே. பட்டுப் புடவை உடுத்திக்கொண்டு ஆட்டு மயிரைப் பற்றி வழக்காடும் காட்சியை நம் இல்லங்களில் காணும்போது, சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இருக்க நேர்கின்றது.

அடுத்தது அக்ரிலிக். கேஷ்மிலான் என்னும் பெயரில் இதை நம் தாய்மார் நன்கறிவர். விலை மலிவு; துவைப்பது எளிது; ஆடும் இல்லை, புழுவும் இல்லை. சைவமான நூல் என்று விளையாட்டாகக் கூறுவாரும் உளர். பெட்ரோலியத்திலிருந்து பிறப்பது இது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குப் புலனாகாத இழைத் துகள்களை நீரில் விடுகின்றது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைத் துகள்கள் வெளியேறக் கூடும். அவை மக்குவதில்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் சென்று சிற்றுயிர்களின் வயிற்றை அடைகின்றன. நீரை வடிகட்டியன்றிப் பருகாத மரபினர் நாம். எந்த உயிர்களைக் காக்க வேண்டி வடிதுணி கட்டினோமோ, அவ்வுயிர்களின் வாயிலேயே இவ்விழையைப் புகட்டுகின்றோம்.

பருத்தியைச் சொல்லவில்லையே என்பீர்கள். பின்னல் தொழில் கம்பளிக்கே உரியது என்பது பிழையான எண்ணம். இன்று கிடைக்கும் மிகப் பழைய பின்னல் துணிகளுள் எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகளும் உண்டு. பெங்களூருக்கும் புனேவுக்கும் செல்லும் பிள்ளைக்குப் பருத்தி நூல் ஸ்வெட்டர் தாராளமாய்ப் போதும். அங்கே கம்பளி தேடுவது தேவையின் பொருட்டன்று, ஆசையின் பொருட்டே. காய்ப்புழுவுக்கு அடிக்கும் நஞ்சு பருத்தி வயலில் எத்தனை உயிர்களை மாய்க்கின்றது என்பது உழவர் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. எனினும் அது பயிர்த்தொழிலில் நேரும் உத்தியோக இம்சை என்று நம் நூலோர் வேறாக வைத்து எண்ணியிருக்கின்றனர். உறைபனிக்குப் பருத்தி உதவாது என்பதே அதன் குறை. நனைந்த பருத்தி உடற்சூட்டைக் காவாது. நனைந்த கம்பளி ஓரளவு காக்கும்.

ஆக, குற்றமற்ற நூல் என்று ஒன்று கடையில் இல்லை. இதைக் கேட்டதும், எல்லாவற்றிலும் குற்றம் உண்டெனில் எதை வாங்கினால்தான் என்ன என்று கூறிவிடுவது மிக எளிது. அந்தச் சோம்பலையே நான் அஞ்சுகின்றேன். சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என்று இம்சையை நால்வகையாகப் பகுத்த ஆசிரியர்கள், இல்லறத்தான் முற்றும் தூயனாயிருத்தல் இயலாது என்பதை நன்கு அறிந்தே பகுத்தனர். முற்றும் இயலாது என்பதால் அளவு வேண்டாம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

அளவு என்ற சொல், பின்னக் கற்பவளை நேரே அவள் தொழிலின் முதற் பாடத்துக்குக் கொண்டு சேர்க்கின்றது. பின்னல் அறிந்த எவரும் முதலில் கூறுவது, மாதிரித் துண்டு ஒன்று பின்னிப் பார் என்பதே. எடுத்த நூலாலும் எடுத்த ஊசியாலும் கையகலச் சதுரம் ஒன்று பின்னி, நனைத்து உலர்த்தி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள் என்று எண்ண வேண்டும். ஒருத்தியின் கை இறுக்கம் மற்றொருத்திக்கு இராது. 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிகள் வருமானால், 50 சென்டிமீட்டர் அகலமுள்ள முன்புறத்துக்கு 100 கண்ணிகள் ஏற்ற வேண்டும். அவள் கையில் உண்மையில் 18 கண்ணிகளே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே 100 கண்ணிகள் 55 சென்டிமீட்டருக்கும் மேல் விரிந்துவிடும். முன்னும் பின்னுமாகச் சேர்த்து 11 சென்டிமீட்டர் மிகும். மகள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவின் மனம் நோகாதிருக்கப் பெட்டியில் வைத்துக்கொள்வாள். பின் அது பெட்டியிலேயே இருக்கும்.

முதல் ஸ்வெட்டர்களுள் பல இவ்வாறு உடுத்தப்படாமலே போகின்றன. பெரிய அளவு ஸ்வெட்டர் ஒன்றுக்கு அரைக் கிலோ நூல் செல்லும். அது கம்பளியாயின் ஓர் ஆட்டின் உடலிலிருந்து வந்தது. குளிர் தாங்கவும் பயன்படாமல் போயிற்று. பயனின்றி விளைக்கும் தீங்கை அனர்த்த தண்டம் எனப் பெயரிட்டு, அதை விலக்குதலைக் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசிரியர்கள். எனவே அந்தக் கையகலத் துண்டைத் தொழில் நுணுக்கம் என்று மட்டும் நான் கருதவில்லை. ஒரு மாலைப்பொழுதை அதற்குச் செலவிட மனமில்லாத அவசரத்தில், அரைக் கிலோ நூல் வீணாவதற்கான விதை இருக்கின்றது.

பின்னத் தொடங்கிய பின் வருவது விழிப்பைப் பற்றிய பாடம். நெய்த துணியில் பாவும் ஊடுமாக இரண்டு வகை நூல்கள். ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்றவை தாங்கும். பின்னலோ ஒற்றை நூலின் ஓட்டம். ஒவ்வொரு கண்ணியையும் அதன் மேலுள்ள கண்ணியே தாங்கி நிற்கின்றது. ஒரு கண்ணி ஊசியினின்றும் நழுவினால், அது தான் நின்ற வரிசையோடு நில்லாது கீழ்நோக்கி ஏணிப்படிபோல அவிழ்ந்துகொண்டே போகும். அதனால் கற்றவர்கள் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கண்ணிகளை எண்ணுவர். வடநாட்டில் சீதா, உல்டா என்று இரண்டே சொற்களால் இத்தொழிலைக் கற்பிக்கின்றனர்; நேர்க்கண்ணி, மறுகண்ணி என்று நாம் கொள்ளலாம். கற்பது இரண்டே அசைவு. அதை ஏறத்தாழ 50,000 முறை தவறாது செய்வதுதான் ஸ்வெட்டர். நிமிடத்துக்கு 15 கண்ணிகள் என்று புதியவள் பின்னினால் 55 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் ஒதுக்கினால், இரண்டு மாதங்களுக்கு மேல். பிரமாதம் என்னும் விழிப்பின்மையே இம்சைக்கு வேர் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை நூல்வழியாகப் படித்தவர் பலர். விழிப்பு ஒரு கணம் நழுவினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணெதிரே கண்டவள் பின்னக் கற்பவள்.

இதனால் பின்னலையே தியானம் என்றும் சாமாயிகம் என்றும் கூறிவிடும் போக்கை நான் ஏற்பதற்கில்லை. இக்காலத்தில் அப்படிக் கூறுவார் மிகுந்துள்ளனர். சாமாயிகம் விருப்பு வெறுப்பற்ற சமநிலை. தாய் பின்னும் ஒவ்வொரு வரிசையிலும் மகளின் தோளும் கழுத்துமே நிற்கின்றன. அவள் குளிரில் நடுங்கலாகாது என்னும் பற்று நிற்கின்றது. அது நல்ல பற்று. இல்லறத்துக்கு உரிய பற்று. ஆயினும் பற்றுத்தான், அதை வேறு பெயரால் அழைக்க வேண்டியதில்லை.

மீண்டும் நூலுக்கு வருவோம். குற்றமற்ற நூல் கடையில் இல்லை என்றேன், வீட்டில் இருக்கக்கூடும். பின்னலுக்கு நெசவுக்கில்லாத ஒரு சிறப்பு உண்டு. ஒற்றை நூல் ஆதலின், பின்னியதை முற்றும் பிரித்து மீண்டும் நூலாக்கலாம். வட மாநிலங்களில் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக் குழந்தைக்குப் புதிதாய்ப் பின்னுவது வீட்டுக்கு வீடு வழக்கமாயிருந்தது. அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில் உலகெங்கிலுமிருந்து வரும் பழங்கம்பளி ஆடைகளைக் கிழித்து இழையாக்கி, மீண்டும் நூற்றுப் போர்வை நெய்வது பெருந்தொழிலாகவே நடக்கின்றது. வீட்டில் செய்வதற்கு இயந்திரம் ஒன்றும் வேண்டுவதில்லை. இதில் புதிதாக எந்த ஆடும் பிடிக்கப்படவில்லை. எந்தப் பண்ணைக்கும் நம் பணம் செல்லவில்லை. ஏற்கெனவே எடுத்தது வீணாகாமல் மறுமுறையும் பயன்படுகின்றது. வீட்டில் பொருள்களை மேன்மேலும் குவிக்காமையால் பரிக்கிரக பரிமாணத்துக்கும் இது ஒத்தது. முதல் ஸ்வெட்டர் பின்ன நினைக்கும் சகோதரிகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்: புது நூல் வாங்குமுன், உறவினர் வீடுகளில் உடுத்தாது கிடக்கும் பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காதபோது, செல்லும் ஊரின் குளிர் இடங்கொடுக்குமாயின் பருத்தி. உறைபனி நாடாயின், உறுப்பறுக்கும் வழக்கம் இல்லாத பண்ணையினது என்று உறுதி கூறும் கம்பளி. விலை கூடுதலாயிருப்பினும் ஒன்றே ஒன்று. பட்டுநூலும் பட்டுக் கலந்த நூலும் வேண்டவே வேண்டாம். மேனியில் ஆட்டுமயிர் படலாகாது என்று உறுதி பூண்ட முதியோரை இதற்காக வற்புறுத்துதலும் கூடாது. இரட்டைப் பருத்திச் சால்வை அவர்களுக்குப் போதும்.

பழையதைத் தேரும்போது அதன் பக்கத் தையலை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். துணியாக வெட்டி இயந்திரத்தில் மடித்துத் தைத்ததாயின், பிரித்தால் வரிசைக்கு வரிசை அறுந்த துண்டுகளே கிடைக்கும், அதை விட்டுவிடுக. ஓரக் கண்ணிகள் வெட்டுண்ணாது முழுமையாக இருப்பின், தையல் நூலை மட்டும் கவனமாக நீக்கி, பின்னி முடித்த மேல்விளிம்பிலிருந்து பிரிக்கத் தொடங்குக. நூல் சுருள் சுருளாக வரும். அதை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கசக்காமல் பிழிந்து, கீழ்ப்புறத்தில் சிறு பாரம் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தினால் சுருள் நீங்கும். நைந்த இடங்களில் நூல் அறுந்து குறைவதால், பெரியவருடைய ஸ்வெட்டரிலிருந்து அதே அளவுக்கு மற்றொன்று வராது; பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்று வரும். மகளுக்கே பின்ன வேண்டுமாயின் இரண்டு பழையவை தேவை. நிறம் வேறாயின் கைகளை ஒரு நிறத்திலும் உடலை ஒரு நிறத்திலும் பின்னலாம். கோடை வந்ததும் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, உதறி, தூய பருத்தித் துணியில் இறுகக் கட்டி வைத்தால் அந்துப்பூச்சி நாடுவது குறையும்; வியர்வையும் உணவுக் கறையும் படிந்த கம்பளியையே அது பெரிதும் விரும்பும். அந்துருண்டை இட்டுக் கொல்லும் தேவை அப்போது எழுவதில்லை.